ஒரு பிள்ளை கூடினால்...

"எங்கள் பள்ளியில் மொத்தமே இருபது பிள்ளைகள்தான்" என்று யாராவது சொன்னால், கேட்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். பள்ளி சரியில்லை போலும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால், அந்த இருபதுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு வேறு.

நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் நம் பேராக். இங்கு 134 பள்ளிகள். பல தோட்டத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பிள்ளைகள் இருந்த இடத்துக்குப் பள்ளி வந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். அப்படியும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ தாமான்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தன. பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் போதும் என்ற இன்றைய வழக்கமும் சேர்ந்துகொண்டது.

150 பேருக்கும் குறைவாகப் படித்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போனால், இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம். ஒரே ஆசிரியர், ஒரே மணி நேரம், இரண்டு பாடத்திட்டம்.

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். இருபது பிள்ளைகள் என்றாலும் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என எல்லாப் பாடமும் உண்டு. நூலகம், விளையாட்டு, மாணவர் நலம், பாடநூல் கணக்கு எல்லாம் உண்டு. பெரிய பள்ளியில் ஐம்பது பேர் பகிர்ந்துகொள்ளும் வேலையை இங்கே ஒரு சிலரே சுமக்கிறார்கள். மறுபுறம், காலையில் பசியாறாமல் வந்த பிள்ளை யார் என்பது முதல் பாடம் முடியும் முன்பே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

"கூட்டாளிகளே இல்லாத பள்ளியில் ஏன் சேர்க்க வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். அங்கே கால்பந்துக் குழுவுக்குப் பதினொரு பேர் சேர்வதே பாடு. ஆனால், 300 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தால் யாருக்கும் தெரியாது. இருபதில் ஒரு பிள்ளை என்றால் அது ஐந்து விழுக்காடு. நான்கைந்து குடும்பங்கள் பேசிவைத்துச் சேர்ந்தால், அந்தப் பள்ளிக்கு முழுதாக ஒரு முதலாம் ஆண்டு வகுப்பே கிடைத்துவிடும். பிள்ளைக்குக் கூட்டாளிகளும் கிடைப்பார்கள்.

எல்லாப் பள்ளியும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைத் தமிழர் வாழும் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றுவதும் ஒரு வழி. அதற்கு அங்குள்ள பெற்றோர்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முன், அருகிலுள்ள சின்னப் பள்ளிக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். வகுப்புகள் தனித்தனியா, சேர்த்தா? பாலர் வகுப்பு உண்டா? வேன் வசதிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உதவுமா? தலைமையாசிரியரிடமே கேளுங்கள். பதில்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.