வாய்வா, வேலையா?

செங்கற்பட்டில் ஒரு மண்டிக்கு முன்னால் லாரியிலிருந்து சிமிட்டி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். மூட்டை ஒன்று 50 கிலோ. காலையிலிருந்து நூறு மூட்டை இறக்கிவிட்ட ஒரு தோழர், அடுத்த மூட்டையை முதுகில் வாங்கித் திரும்புகிறார். இடுப்பில் சுரீர் என்கிறது. மூட்டையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து விடுகிறார்.

"என்னய்யா ஆச்சு?" என்கிறார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லீங்க மேஸ்திரி, வாய்வு பிடிச்சுக்கிச்சு" என்கிறார் தோழர்.

உடனே சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகி விடுகிறார்கள். ஒருவர், "ராத்திரி மொச்சைக்கொட்டை தின்றாயா?" என்கிறார். இன்னொருவர், "பூண்டு சுட்டுத் தின்னு" என்கிறார். மற்றொருவர், "கால் முன்னால் வரப் பிறந்தவனைக் கூப்பிட்டு இடுப்பில் மிதிக்கச் சொன்னால் சுளுக்கு ஓடிப்போகும்" என்கிறார். நாலாவது ஆள், "கண் பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுற்றிப் போடு" என்கிறார். மேஸ்திரியும் தாராள மனதுடன் ஒரு இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். அரை நாள் கூலி பிடித்தம். மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் மூட்டை தூக்குகிறார். வாய்வு பிடித்தவர் பத்து நாள் திண்ணையில் படுத்திருக்கிறார். அந்தப் பத்து நாளும் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்பார் இல்லை.

இதில் நஷ்டப்பட்டவர் யார், லாபமடைந்தவர் யார் என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். சோடாவின் விலைதான் முதலாளிக்கு ஆன மொத்தச் செலவு. இவ்வளவு மலிவாகக் காரியம் முடியும்படி செய்தது எது? 'வாய்வு' என்ற ஒரு சொல்தான்.

வயிற்றில் வாய்வு சேருவதே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாய்வு மூட்டை தூக்குகிறவர் இடுப்பை மட்டும் தேடி வந்து பிடிப்பானேன்? வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கணக்குப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கல்லவா வாய்வு அதிகமாக இருக்கவேண்டும்? அவர் இடுப்பைச் சிமிட்டி லாரிக்குப் பக்கத்தில் அது பிடித்ததாக யாராவது கண்டதுண்டா? கயிறு அறுந்தால் கயிற்றுக்கு வாய்வு என்கிறோமா? வண்டி அச்சு முறிந்தால் அச்சுக்குத் திருஷ்டி என்கிறோமா? பாரம் அதிகம் என்றுதானே சொல்லுகிறோம்? கயிற்றுக்கும் அச்சுக்கும் கொடுக்கிற நியாயத்தை மனிதன் சதைக்குக் கொடுக்க மாட்டோம் என்பது என்ன அறிவு?

சதை என்பது ஆயிரக்கணக்கான நார்கள் சேர்ந்த கட்டு. தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டாலும், களைத்துப்போன நேரத்தில் திடீரென்று முறுக்கப்பட்டாலும் அந்த நார்களில் சில அறுந்துபோகும். உள்ளே இரத்தம் கசியும், வீங்கும், சுற்றியுள்ள சதை காவல் நிற்பதுபோல் இறுகிக்கொள்ளும். இந்த இறுக்கத்தைத்தான் நாம் 'பிடிப்பு' என்கிறோம். எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நாண் இழுபட்டால் அது சுளுக்கு. இவற்றில் பெரும்பாலானவை சில நாளிலோ சில வாரத்திலோ தாமே ஆறக்கூடியவை. ஆறும் சமயத்தில் யார் மிதித்தாரோ, யார் மந்திரித்தாரோ, அவருக்குப் புகழ் போய்ச் சேருகிறது. எலும்பு விரிசலோ, தண்டுவடத்துச் சில்லு பிதுங்கியதோ ஆக இருந்து, அதன்மேல் ஒருவர் காலை வைத்து மிதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1700-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸினி என்பவர் தொழிலாளிகளுடைய வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வைத்தியர்கள் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ செய்யும் வேலை என்ன?' என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று அதில் சொன்னார். மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் 'என்ன தின்றாய்?' என்றுதான் கேட்கிறோம். 'என்ன தூக்கினாய், எத்தனை தூக்கினாய்?' என்று கேட்பதில்லை. 50 கிலோ மூட்டை நூறு என்றால் 5 டன். இதைக் கேட்டிருந்தால் மொச்சைக்கொட்டையின் மேல் பழி விழுந்திருக்காது.

நிற்க. செங்கற்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரத்துக்குப் போவோம். பல்லவ அரசர்கள் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கற்களைப் பார்க்க உலகமெல்லாம் வருகிறது. 1984-ல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அரசன் பெயரும் பட்டமும் கல்லில் வெட்டியிருக்கின்றன. அந்தக் கல்லை வெட்டியவர் தோள் என்ன ஆயிற்று என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. இன்றும் அங்கே சாலையோரத்துப் பட்டறைகளில் உளியும் சுத்தியும் அறுவை இயந்திரமும் பிடித்து மணிக்கட்டும் தோளும் தேய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடப்பாரை போட்டுக் கல் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். கல்லுக்குச் சீட்டுக் கிடைத்தது. கல்லைப் புரட்டியவர் முதுகுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா என்பதே நமது கேள்வி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தொழிலாளிக்கு வேலையில் நேரும் காயத்துக்கு முதலாளிதான் பொறுப்பு என்பதை ஜெர்மனி 1884-லும் இங்கிலாந்து 1897-லும் சட்டமாக்கின. நம் நாட்டில் 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் செய்யப்பட்டு 1924 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் அதே 1923-ல்தான். பின்னர் 1948-ல் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இவ்விரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்ற ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிட்டன.

'சட்டம் விபத்துக்குத்தானே? சதை பிடித்தது விபத்தாகுமா?' என்று கணக்குப்பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தில் ஃபென்டன் என்ற தொழிலாளி ஓர் இயந்திரத்தின் சக்கரத்தை மூச்சுப் பிடித்துத் திருப்பும்போது உள்ளே ஏதோ கிழிந்தது போலிருந்தது, குடலிறக்கம் கண்டது. எதுவும் உடையவில்லை, யாரும் விழவில்லை, ஆகையால் இது விபத்தல்ல என்று கீழ்க் கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். 1903-ல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. எதிர்பாராமலும் வேண்டுமென்று செய்யாமலும் வேலையில் நேர்ந்த கெடுதி எதுவோ அதுவே விபத்து. உடைந்தது இயந்திரமானாலும் ஒன்றுதான், மனிதன் உடம்பானாலும் ஒன்றுதான் என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் பிரபுக்களுக்கே விளங்கிய விஷயம் நம் மேஸ்திரிகளுக்கு விளங்காதா?

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஈ.எஸ்.ஐ.யில் பதிவான ஒருவர் நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி வாங்குகிறார். சாதாரண நோய் என்று படுத்தால் கூலியில் நூற்றுக்கு 70 வீதம் 420 ரூபாய் கிடைக்கும். அதுவும் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் நூற்றுக்கு 90 வீதம் 540 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் அந்த உரிமை உண்டு. ஆகவே 'வாய்வு' என்ற ஒரு சொல்லுக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய், முப்பது நாளைக்கு 3,600 ரூபாய் விலை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கவேண்டிய சொல்லா அது?

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் நஷ்டஈட்டு விதி இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனால், முடியாத காலத்துக்குப் பதினைந்து நாளுக்கொரு முறை மாதக் கூலியில் நாலில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். அதாவது பாதிக் கூலி. ஆனால் கூடிய சீக்கிரம் அறிவிப்புக் கொடுத்திருக்கவேண்டும். இரண்டு வருஷத்துக்குள் கேட்கவும் வேண்டும். 'வாய்வு' என்று தாமே சொல்லிவிட்டுப் போனவர், பத்து நாள் கழித்து வந்து 'வேலையில்தான் பட்டது' என்றால் யார் நம்புவார்கள்? அவர் வாய்மொழியே அவருக்கு எதிர் சாட்சியாகிவிடுகிறது.

'இதெல்லாம் சரி, சொன்னால் நாளைக்கு வேலை கிடைக்காதே!' என்பார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. அன்றாடம் மண்டி வாசலில் நின்று அழைப்புக்குக் காத்திருப்பவர் சட்டம் பேசினால் மறுநாள் அவரைக் கூப்பிடாமல் விடுவார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒருவர் சொன்னால்தான் அவரை விலக்க முடியும். அடிபட்ட ஒவ்வொருவரும், சின்னதானாலும் பெரியதானாலும், அன்றைக்கே சொல்லுவது வழக்கமாகிவிட்டால் எத்தனை பேரை விலக்குவார்கள்? பெட்டிக்கடைக்காரர் கடனுக்கு நோட்டு வைத்திருக்கிறார். முதலாளி மூட்டைக்கு நோட்டு வைத்திருக்கிறார். சுமை தூக்குகிறவர்கள் தங்கள் உடம்புக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளக் கூடாதா? என்ன தேதி, என்ன நேரம், எந்த இடம், என்ன பாரம், உடம்பில் எங்கே, பக்கத்தில் இருந்தவர் யார் என்ற ஆறு விஷயம் போதும். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதலாம். அதையே மேஸ்திரிக்கும் கொடுங்கள். போனில் ஒரு வரி அனுப்பினாலும் தேதியோடு நிற்கும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லாமல், 'இன்ன இடத்தில் மூட்டை இறக்கும்போது பட்டது' என்று சொல்லிச் சீட்டில் எழுதச் செய்யுங்கள்.

கரைவலை இழுக்கும் மீனவத் தோழர்களுக்கு மேஸ்திரி இல்லை, பங்குதான் உண்டு. அங்கேயும் வடம் இழுக்கும்போது தோள் போனவருக்கு அது ஆறும்வரை பங்கு நிற்காது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாவுக்கு வரி எடுக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாத காரியமல்ல.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கட்டட வேலையில் நாளெல்லாம் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள் அம்மாள் இடுப்பு வலி என்றால், 'பொம்பளைக்கு வருவதுதானே' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆணுக்கு வாய்வு, பெண்ணுக்குப் பிறவி! சட்டி மட்டும் இரண்டு பேர் கணக்கிலும் வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறோம். சுரீர் என்றவுடன் பாரத்தை விடுங்கள். 'ஆம்பிளைக்கு இது ஒரு வலியா?' என்ற வீராப்பு வேண்டாம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, வீங்கிய இடத்தை ஓய்வில் விடுங்கள். அந்த நாட்களில் முரட்டுத்தனமாக உருவி விடுவதும், சூடு போடுவதும், மிதிப்பதும் உள்ளே இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். வலி ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே மூட்டை தூக்காதீர்கள்; ஊசி வலியை மறைக்குமே தவிர, அறுந்த நாரைத் தைக்காது. அதற்காக வாரக்கணக்கில் படுத்தும் கிடக்கவேண்டாம். மெள்ள மெள்ள நடமாடுவதே ஆறுவதற்கு வழி. கால் மரத்துப்போனாலும், பலம் குறைந்தாலும், சிறுநீர் மலம் அடக்க முடியாமற் போனாலும், மூட்டை அசைக்கவே முடியாமல் வீங்கினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி செய்யவேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-லேயே சிபார்சு செய்தது. ஒரு தள்ளுவண்டியும், ஒரு சாய்வுப் பலகையும், மணிக்கொரு முறை மூச்சு வாங்க விடுவதும் பெரிய செலவல்ல. லாரிக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதி ஒட்டுகிறவர்கள் மனிதனுக்கும் ஒரு அளவு உண்டென்று ஒப்புக்கொள்ளட்டும்.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கவேண்டுமென்று தீர்மானித்தது. பொய்யான பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கத் துணிந்த ஊரில், நோவுக்கு ஒட்டியிருக்கும் பொய்யான பட்டத்தை எடுப்பது கஷ்டமா? இனி இடுப்புப் பிடித்தால் 'வாய்வு' என்று சொல்லாதீர்கள். 'வேலையில் பட்டது' என்று சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். எழுதியும் வையுங்கள்.