பிள்ளைக்குப் புரியும் தமிழில் கேட்கிறோமா?

தேர்வு முடிவு நாள் வந்தாலே 104, 14416 ஆகிய உதவி எண்கள் செய்திகளில் வருகின்றன. ஆனால் எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதை முன்பே அறிவது எப்படி?

இதற்காக அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் நான்கு கேள்விகளை வெளியிட்டனர். 10 முதல் 21 வயது வரையுள்ள 524 பேரிடம் சோதித்தபோது, தற்கொலை ஆபத்தில் இருந்தவர்களில் சுமார் 97 சதவீதத்தினரை அவை காட்டிக்கொடுத்தன.

அந்த 97 ஆங்கிலக் கேள்விகளுக்கு உரியது. தமிழாக்கினால் கூடவே வந்துவிடாது. 'செத்துப்போயிடலாம் போல இருக்கு' என்று காரைக்குடிப் பிள்ளை தலைவலிக்கும் சொல்லும். நம் வீடுகளிலோ 'மவுத்' என்று பேச்சு. தற்கொலை ஹராம் என்றறிந்த பிள்ளை, எண்ணம் இருந்தும் 'இல்லை' என்று மறைக்கலாம்.

எனவே தமிழ்க் கேள்விகளில் என்ன புரிந்தது என்று சிவகங்கை மாவட்டப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். அவர்களின் பதில்களை மனநல மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட வேண்டும். 'ஆம்' என்ற பிள்ளையை அன்றே பார்க்க ஆள் வேண்டும்.

கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் நாமும் கேட்கலாம். 'ஹராம்' என்று வாயை அடைக்காமல் முழுவதும் கேட்போம். பிள்ளையைத் தனியே விடாமல் 14416-ஐ அழைப்போம்.