மேயர் நாற்காலியிலிருந்து மந்திரி நாற்காலிக்கு

ஊரை நன்றாக ஆள்பவர் நாட்டையும் நன்றாக ஆள்வார் என்று ஜனங்கள் நம்புவது வழக்கம். அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊரில் கற்ற பாடம் என்ன என்பதைப் பார்க்காமல் ஒருவரை உயரே ஏற்றிவிட்டால் என்ன நடக்கும்? ஆப்பிரிக்காவின் நடுவே, காங்கோ நதிக் கரையிலுள்ள பிரஸ்ஸாவில் நகரின் கதை இதற்குப் பதில் சொல்லுகிறது.

அந்த நகரம் பிரஞ்சுக்காரர் வசம் இருந்த காலம் அது. 1955-ல் வந்த ஒரு சட்டம் ஆப்பிரிக்க நகரங்களுக்குத் தாமே மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அளித்தது. 1956 நவம்பரில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸாவிலில் புல்பேர் யூலு என்பவர் வென்றார். இவர் 1946-ல் கத்தோலிக்கப் பாதிரியாராகப் பட்டம் பெற்றவர். அரசியலில் இறங்கியதால் திருச்சபை அவரைக் குருப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. ஆனாலும் நீண்ட அங்கியை மட்டும் அவர் கழற்றவில்லை! அதே தேர்தலில் பாங்கி நகருக்குப் போகண்டாவும், லீப்ரவில் நகருக்கு லெயோன் ம்பாவும் மேயரானார்கள். மூவருமே பின்னர் தத்தம் நாட்டு அரசாங்கத்தின் தலைமைக்கு வந்தவர்கள்.

மேயர் பதவியில் யூலு அதிக காலம் பாடம் படிக்கவில்லை. 1957 மே மாதத்திலேயே அவர் விவசாய மந்திரி. 1958 நவம்பரில், சட்டசபையில் ஒரே ஓர் உறுப்பினர் கட்சி மாறியதைக் கொண்டு பிரதம மந்திரி. உடனே தலைநகரைப் புவாந்த்-நுவார் துறைமுகத்திலிருந்து தம் சொந்த ஊரான பிரஸ்ஸாவிலுக்கு மாற்றினார். 1959-ல் ஜனாதிபதி. மூன்றே ஆண்டுகளில் இத்தனை படிகள்!

படிகளை வேகமாக ஏறியவர், ஒன்றை மறந்துவிட்டார். மேயராக அவரைத் தூக்கிவிட்டது பெரும்பாலும் பாக்கோங்கோ பேட்டையில் வாழ்ந்த லாரி இன மக்களின் ஓட்டு. எதிர்க்கட்சித் தலைவர் ஒபாங்கோவுக்குப் போட்டோ-போட்டோ பேட்டையில் ஆதரவு. 1959 பிப்ரவரியில் இரு பேட்டைக்காரர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சுமார் 100 பேர் மாண்டார்கள். ஒபாங்கோ சிறைக்குப் போனார். பின்பு யூலு அவரை விடுவித்து மந்திரிசபையிலும் சேர்த்துக்கொண்டார் என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பேட்டையின் தலைவர் நாட்டின் தலைவராகிவிட்டார், மனம் மட்டும் பேட்டையிலேயே நின்றுவிட்டது என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது.

1960 ஆகஸ்ட் 15-ல் நாடு சுதந்திரம் பெற்றது. நமது சுதந்திர தினமே அவர்களுக்கும் சுதந்திர தினம். பிறகு? நகரத்தில் வேலையில்லாதவர் பெருகினர். க்விலு நதியில் பெரிய அணை எழும்பும் என்றார் யூலு. அவர் காலத்தில் அது எழும்பவேயில்லை. மந்திரிகளின் ஆடம்பரமோ எல்லோர் கண்ணிலும் பட்டது. இந்த நிலையில் நாட்டில் ஒரே கட்சிதான் இருக்கவேண்டும் என்று அவர் புறப்பட்டார். 1963 ஆகஸ்ட் 13-ல் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. கூட்டம் சிறைச்சாலையை நோக்கிப் பாய்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். 15-ம் தேதி, சுதந்திரம் பெற்ற மூன்றாவது ஆண்டு நிறைவு நாளன்று, யூலு ராஜிநாமா செய்தார். எந்த நகரம் அவரை மேயராக்கியதோ, அதே நகரம்தான் அவரை இறக்கியது!

"வெள்ளைக்காரன் கைவிட்டதால்தான் விழுந்தார்" என்பார் உண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. பிரஞ்சுத் துருப்புகள் ஊரிலேயே இருந்தும், அவரைக் காப்பாற்ற டிகால் உத்தரவிடவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் காபோன் நாட்டில் ம்பாவின் ஆட்சி கவிழ்ந்தபோது அதே பிரான்ஸ் படை அனுப்பி அவரை மீண்டும் உட்கார வைத்தது. ஆனால் நாம் கேட்கிறோம்: சொந்த ஜனங்கள் தெருவில் நின்று "போ" என்று சொல்லும்போது, அந்நியப் பட்டாளம் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை வருவானேன்? யூலு 1965-ல் நாட்டைவிட்டுத் தப்பி, 1972-ல் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் இறந்தார்.

நகரசபை என்பது சிறிய பதவியல்ல. குழாய்த் தண்ணீர், சாக்கடை, சந்தை, தெரு விளக்கு இவை எல்லாப் பேட்டைக்கும் பொது. எனக்கு ஓட்டுப் போட்ட தெருவுக்கு மட்டும் தண்ணீர் என்று சொல்லாத மேயர்தான் நாட்டை ஆளத் தகுதியுள்ளவர். ஆகவே ஒரு மேயர் மந்திரியாக நம்மிடம் வரும்போது, அவர் எத்தனை ஓட்டு வாங்கினார் என்று கேட்டால் போதாது. அவருக்கு ஓட்டுப் போடாத தெருவில் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்கவேண்டும். பிரஸ்ஸாவில் மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்க ஏழு ஆண்டுகள் தாமதித்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்கள்.