1,000 கோடி நண்டுகள் மாயம்! அலாஸ்கா கடலில் நடந்தது என்ன?

கடலுக்கும் காய்ச்சல் வருமா? வரும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துக் கடலில் வந்த காய்ச்சலில் 1,000 கோடிக்கும் அதிகமான பனி நண்டுகள் காணாமல் போய் விட்டன. காட் மீன் வளமும் சரிந்தது. இவற்றை நம்பிப் பிழைத்த மீனவர்கள் படகுகளைக் கட்டிப் போட்டு விட்டுக் கையைப் பிசைந்தார்கள்.

ஒரு இடத்தில், அந்தந்தப் பருவத்தில் வழக்கமாக இருக்கும் சூட்டை விடக் கடல் நீர் மிக அதிகமாகச் சூடேறி, 5 நாளாவது அப்படியே நீடித்தால் அதற்குப் பெயர் கடல் வெப்ப அலை. அலாஸ்காவில் இது நாள் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் நீடித்தது.

பசியால் செத்த மீன்

காட் லிவர் ஆயில் மாத்திரை பலருக்கும் தெரியும். அந்த காட் மீனின் பசிபிக் உறவுக்காரன்தான் முதலில் அடி வாங்கியது. 2014 முதல் 2016 வரை அலாஸ்கா வளைகுடா கொதித்தது. சில இடங்களில் வழக்கத்தை விட 2.5 டிகிரி வரை கூடுதல் சூடு.

2.5 டிகிரி ஒரு பெரிய விஷயமா? மீனுக்கு ரொம்பப் பெரிய விஷயம். தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் சூடாகும். உடம்பு சூடானால் பசி அதிகமாகும். ஆனால் அதே சூட்டில் தீனி குறைந்து போனது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் கதிதான். முட்டைகளும் குளிர்ந்த நீரில்தான் நன்றாகப் பொரியும்.

2017-ல் கணக்கெடுத்தவர்கள் அதிர்ந்து போனார்கள். 2015-ஐ விட 71 சதவீதம் சரிவு! சுமார் 88 ஆயிரம் டன்னாக இருந்த பிடிப்பு வரம்பு, 2018-ல் 18 ஆயிரம் டன்னாக வெட்டப்பட்டது.

அடுத்தது நண்டு

2018, 2019-ல் வடக்கே பெரிங் கடலும் சூடேறியது. குட்டி நண்டுகள் கடலடியில் 2 டிகிரிக்கும் குறைவான குளிர்நீரில் வாழும். காட் மீன் அந்தக் குளிருக்குள் அவ்வளவாக வராது. குளிர்நீர் சுருங்கியதும் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

அப்போது நண்டுகள் ஏராளமாகப் பெருகியிருந்த நேரம். கூட்டம் அதிகம், பசி அதிகம், தீனி கொஞ்சம். அவை பட்டினியால்தான் செத்திருக்க வேண்டும் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது

அதிகமாகப் பிடித்ததால் அழிந்ததா என்றால், முக்கியக் காரணம் அது இல்லை. எத்தனை மீன் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதற்கேற்ப எடை வரம்பு போட்டுத்தான் அங்கே பிடிக்க விடுகிறார்கள். சிக்கலே இந்தக் கணக்கில்தான். அலாஸ்கா வளைகுடாவில் 2 வருஷத்துக்கு ஒரு முறைதான் இழுவலை போட்டுக் கணக்கெடுப்பார்கள். பெரிங் கடலில் வருஷா வருஷம் நடக்கும் கணக்கெடுப்பும் 2020-ல் கொரோனாவால் நின்று போனது.

அந்தக் கணக்கு இல்லாமலேயே 2020-21 சீசனுக்குச் சுமார் 2 கோடி கிலோ பனி நண்டு பிடிக்க அனுமதி தரப்பட்டது. 2021-ல் கடலில் போய்ப் பார்த்தால் நண்டைக் காணோம்! அடுத்த சீசனுக்கு வெறும் 25 லட்சம் கிலோ. 2022 அக்டோபரில், சரித்திரத்திலேயே முதல் முறையாக பனி நண்டு சீசன் மொத்தமாக ரத்து. 2023-லும் அதே கதை.

காட் மீனுக்கு ஒரு விதி உண்டு. முட்டையிடும் மீன்வளம், பிடிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கும் அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பிடிக்கக் கூடாது. அந்த மீனைத் தின்று வாழும் கடல் சிங்கங்களுக்காகப் போட்ட விதி அது. அதன்படி 2020-ல் அலாஸ்கா வளைகுடாவின் மத்திய அரசு கடற்பகுதியில் காட் மீன் பிடிப்பு மூடப்பட்டு, 2021-ல் திறக்கப்பட்டது. விதி வேலை செய்தது. ஆனால் அதற்கு முன்பே மீன் செத்து விட்டது.

அடி யாருக்கு?

நண்டுப் படகில் கூலிக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடிபட்டதில் பங்குதான். நண்டு இல்லை என்றால் பங்கும் இல்லை. செயின்ட் பால் தீவில் ஊர் நிர்வாகமே நண்டு வரியை நம்பித்தான் ஓடியது. அங்கே கஜானாவே ஆட்டம் கண்டது.

நிவாரணமும் நத்தை வேகம்தான். 2018-ல் காட் மீன் இல்லாமல் பட்ட நஷ்டத்தைப் 'பேரிடர்' என்று அமெரிக்க அரசு அறிவித்ததே 2019 செப்டம்பரில்தான். பணம் அதற்கும் பிறகு.

இப்போது மீன் எண்ணிக்கையோடு கடலின் சூடு, தீனி, மீனின் உடல் எடை எல்லாவற்றையும் பார்த்து, ஆபத்து தெரிந்தால் முன்கூட்டியே வரம்பைக் குறைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வரம்பைக் குறைத்தால் அன்றைக்கே கூலி குறைகிறது. நிவாரணமும் அதே வேகத்தில் வந்தால்தான் படகுக்காரன் தாக்குப் பிடிக்க முடியும்.

2024 அக்டோபரில் பனி நண்டு சீசன் மறுபடி திறந்தது. அனுமதித்த அளவு சுமார் 21 லட்சம் கிலோ. 4 வருஷத்துக்கு முன்பு 2 கோடி கிலோ பிடித்த கடல் அது!