ஆயில் சொல்லும் சாட்சி

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் பின் ஆக்ஸிலிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால், டிஃபரன்ஷியலில் கிரவுன் - பினியனோ, பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். வாரன்ட்டி கேட்டால், ‘தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள்’ என்று சர்வீஸ் சென்டரில் கைவிரிப்பதும் உண்டு. உண்மை என்ன என்பதை உள்ளே இருக்கும் ஆயிலே சொல்லிவிடும்.

ஓடிச் சூடான ஆக்ஸில், ஓடைத் தண்ணீர் பட்டதும் சட்டெனக் குளிரும். உள்ளே காற்று சுருங்க, பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அப்படி நடந்திருந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். ஆயிலின் நிறமும் அளவும் சரியாக இருந்து, இரும்புச் சில்லுகள் மட்டும் கிடந்தால், பாகத்திலோ பொருத்தியதிலோ குறை என்று சந்தேகிக்க இடமுண்டு.

ஆகவே, உங்கள் கண் முன்னால் ஆயிலை இறக்கச் சொல்லுங்கள். கழிவு டிரம்மில் கொட்டிவிட்டால் சாட்சியும் போய்விடும். போட்டோ எடுங்கள், பாட்டிலில் கொஞ்சம் மாதிரி வாங்கி வையுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

ஆழமான ஓடையைக் கடந்து வந்தவர்கள், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் ஆயிலைப் பார்த்துவிடுவது நல்லது. ஆயில் மாற்றும் செலவோடு போய்விடும்!