விரைவு எது?

இலண்டன் மாநகருக்கும் பாரிஸ் மாநகருக்கும் இடையேயுள்ள நேர்த் தொலைவு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஆகும். இதனைக் கடக்க விமானத்திற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் போதும். இரயில் வண்டிக்கோ இரண்டேகால் மணிக்குச் சற்று மிகுதியாக வேண்டும். இவற்றுள் விரைவானது எது என வினவினால், விமானமே என்று விடையிறுப்போர் பலர். அவ்விடை ஆராயத்தக்கது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் என்னும் கடல் கிடக்கின்றது. அதனை வான்வழியே கடக்க மனிதன் பட்ட பாடு பெரிது. 1785-இல் பிளான்ஷார், ஜெஃப்ரீஸ் என்னும் இருவர் டோவரிலிருந்து பலூனில் புறப்பட்டனர். வழியில் பலூன் தாழ்ந்தது. சுமைகளை எறிந்தனர், அதுவும் போதாமையால் உடுத்திருந்த உடைகளையும் களைந்தெறிந்து கரை சேர்ந்தனர். 1909-இல் பிளேரியோ என்பவர் நாற்பது நிமிடத்திற்குள் அக்கடலை விமானத்தில் கடந்தார். 1919-இல் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் விமானம் செல்லலாயிற்று. அன்று பயணநேரம் ஏறத்தாழ இரண்டரை மணி.

1994-இல் கடலடியே சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் உள்ளது. இன்று அதன் வழியே செல்லும் இரயில், அன்றைய விமானத்தினும் விரைந்து பாரிசை அடைகின்றது.

இனிக் கணக்கிடுவோம். இலண்டனின் ஹீத்ரோ விமான நிலையமும், பாரிசின் சார்லஸ் டிகால் விமான நிலையமும் நகர நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. ஆண்டுச் சென்றடையும் நேரம், காத்திருக்கும் நேரம், இறங்கியபின் நகருக்குள் வரும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால், ஒன்றேகால் மணிப் பயணம் நான்கு மணியாய் நீளும். இரயில் நிலையத்திலும் கடவுச்சீட்டு ஆய்வும் காத்திருத்தலும் உண்டு. எனினும் அவ்வண்டி நகர நடுவில் புறப்பட்டு நகர நடுவிலேயே நிற்கின்றது. ஆகவே, முடிவில் முந்துவது பெரும்பாலும் இரயிலே.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. விமானம் வெளிவிடும் கரியமில வாயு இரயிலினும் பன்மடங்கு மிகுதி. பறப்பவர் சிலரே, அதனால் வெப்பமுறும் உலகில் வாழ்வோரோ அனைவரும். இதனை உணர்ந்த பிரான்சு நாடு, இரண்டரை மணிக்குள் இரயிலில் செல்லத்தக்க உள்நாட்டு ஊர்கள் சிலவற்றிற்கு இடையே விமானப் போக்குவரத்தை 2023-இல் சட்டத்தால் நிறுத்தியது.

பெருங்கடல்களைக் கடக்க விமானத்திற்கு இணை பிறிதில்லை. அதற்காக, அருகிலுள்ள ஊருக்கும் பறப்பதே பெருமை எனக் கருதுதல் அறிவுடைமை ஆகாது. கருவியின் வேகம் வேறு. பயணத்தின் விரைவு வேறு. வீட்டு வாயிலில் தொடங்கிச் சேருமிடத்தின் வாயில்வரை கணக்கிடுவதே மெய்யான கணக்கு. அக்கணக்கில் பிறர்க்கு விளையும் தீங்கையும் சேர்த்து எண்ணுவதே சான்றோர் செயலாகும்.