பள்ளி என்னும் சொல்லின் மறுபொருள்

தமிழிலும் மலையாளத்திலும் ‘பள்ளி’ என்பது வழிபாட்டிடத்தையும் கல்விக்கூடத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல். சமண முனிவர் உறைந்த குகையும், இசுலாமியர் தொழும் பள்ளிவாசலும், சிறார் எழுத்துப் பயிலும் கூடமும் இச்சொல்லின் நிழலில் சேர்ந்தே நிற்கின்றன. கேரளத்து யூதர்களின் தொழுகைக் கூடமும் மக்கள் வழக்கில் யூதப்பள்ளிதான். யூத மரபின் உட்கருத்தோடு இப்பெயர் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. எபிரேயத்தில் அக்கூடத்தின் பெயர் ‘பேத் கினேசெத்’, அதாவது மக்கள் கூடும் இல்லம். கிழக்கு ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழியிலோ அது ‘ஷூல்’, நேர்ப்பொருள் பள்ளிக்கூடம். எனினும், இன்று பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் புதுப்பிக்கப்பட்டுள்ள யூதப்பள்ளிகளில் காக்கப்பட்டிருப்பது கட்டடம் மட்டுமே. கல்வி என்னும் மறுபொருள் அங்கு மீளவில்லை. அதை மீட்பது இயலும், மீட்கவும் வேண்டும்.

யூத மரபில் கற்றல் சிறுவர்க்கு மட்டும் உரிய பருவச் செயலன்று. முதியோருக்கும் அது நாள்தோறும் செய்யவேண்டிய கடமை. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரு பனுவலை உரக்கப் படித்து, வாதிட்டுப் பொருள் காண்பது அங்கு வழிவழி வந்த முறை. ஹிலேல், ஷம்மாய் ஆகியோரின் மாணவர் மரபுகள் முரண்பட்ட இடங்களில், ஏற்கப்படாத தரப்பின் கருத்தையும் மிஷ்னா பதிவு செய்துவைத்தது. தோற்ற வாதத்தையும் கற்கத் தக்கதாகக் கருதிய மரபு அது. இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வேர் பட்டுப்போகவில்லை. 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் முதியோர்க்கென ஒரு சுதந்திர யூதக் கல்வியகத்தைத் தொடங்கினார். 1923இல் மேயர் ஷாப்பிரோ முன்மொழிந்த திட்டப்படி, நாளொன்றுக்கு ஓர் ஏடாகத் தல்மூதின் 2,711 ஏடுகளை ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளில் படித்து முடிப்போர் உலகெங்கும் இன்றும் உள்ளனர். வணிகரும் தொழிலாளரும் ஓய்வுபெற்றோரும் அவர்களுள் அடங்குவர்.

கேரள யூதர் இம்மரபைத் தம் மண்ணுக்கேற்ப வளர்த்தெடுத்தனர். முறைப்படி பட்டம்பெற்ற ரபிகள் இங்கு இல்லை. பனுவலறிந்த மூத்தோரே வழிபாட்டை நடத்தினர். எனவே சமூகத்தின் அறிவு ஒரு குருமாரிடம் குவியாமல் பலரிடம் பரவியிருக்க வேண்டியதாயிற்று. கேரள யூதப்பள்ளிகளில் நடுக்கூடத்து மேடையோடு, மேல்தளத்தில் மகளிர் பகுதியை ஒட்டி மறை ஓதுவதற்கென இரண்டாவது மேடையும் உண்டு. மகளிர் மலையாளப் பாடல்களைக் கையேடுகளில் எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பாடினர். ஆடவர் அமர்ந்திருந்த அவைகளிலும் பாடினர். அறிஞர் ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அப்பாடல்களிலிருந்து தேர்ந்தவற்றை 2005இல் ‘கார்குழலி’ என்ற பெயரில் பதிப்பித்தனர்.

இசுரேல் நாடு உருவான பின், 1950களில் இச்சமூகத்தின் பெரும்பகுதி புலம்பெயர்ந்தது. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவர்கூட இல்லாமற்போன பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியினுடைய மரவேலைப்பாடுகள் எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன; அவற்றை இழந்து நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் வந்த பரவூர், சேந்தமங்கலம் பள்ளிகள் நல்லூழ் பெற்றவை. அங்கு செல்வோர் விளக்கப் பலகைகளைப் படிக்கின்றனர், படம் எடுக்கின்றனர், வெளியேறுகின்றனர். எவரும் அமர்ந்து எதையும் வாதிடுவதில்லை.

இதன் விளைவு அறிவுத்தளத்திலும் உணரப்படுகிறது. கேரளத்து யூத வரலாறு பெரும்பாலும் மதநல்லிணக்கக் கதையாகவே சொல்லப்படுகிறது. யோசேப்பு ரப்பானுக்குச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேடு அதன் அடையாளச் சின்னம். அக்கதையில் உண்மை உண்டு, முழுமை இல்லை. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர்க்கு நெடுங்காலம் சம உரிமை மறுக்கப்பட்டது. அவ்வகுப்பில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்த ஆபிரகாம் பராக் சாலேம் காந்திய வழியில் அப்பள்ளிக்குள்ளேயே அறப்போர் நடத்தினார். வெளியிலிருந்து வந்த நல்லிணக்கமும் உள்ளே நிலவிய ஏற்றத்தாழ்வும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு வாழ்ந்தன என்ற வினா, ஒரு பலகையில் எழுதி முடிக்கத் தக்கதன்று. வாதிட்டுத்தான் அதை அணுக முடியும்.

சமூகமே இல்லாத இடத்தில் பிறர் கூடிக் கற்பது உரிமை மீறலாகாதா என்ற மறுப்பு எழக்கூடும். மறுப்பு நியாயமானதே. வழிபாட்டைப் பாவனை செய்வது நிச்சயம் மீறல். ஆனால் பாடல்களைப் படிப்பதும், செப்பேட்டின் வட்டெழுத்தைக் கற்பதும், சாலேமின் போராட்டத்தை விவாதிப்பதும் பாவனை ஆகா. இசுரேலில் வாழும் கொச்சி யூத வழியினரைக் காணொளி வழியே அழைத்து, அவர்களையே ஆசிரியர்களாக்கலாம். எது பேசத்தக்கது என்பதிலும் அவர்கள் சொல்லுக்கு முதலிடம் தரலாம். இவ்விரு பள்ளிகளும் அமைந்துள்ள எர்ணாகுளம், 1990இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. முதியோர் மாலை நேரங்களில் கூடிக் கற்பது அம்மண்ணுக்குப் புதிதன்று.

இவ்வினா யூதர்களோடு முடிவதுமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையடிவாரத்தில் உள்ளது போனக்காடு. தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்த அத்தேயிலைத் தோட்டம் நலிந்து, ஆலை ஓய்ந்து, லயங்கள் சிதைந்தன. பலர் வெளியேறினர், சிலர் இன்னும் இருக்கின்றனர். வெளியுலகம் அவ்வூரை அறிவது அகத்தியர்கூட மலையேற்றத்தின் தொடக்கமாகவும், பேய் உலவுவதாகச் சொல்லப்படும் ஒரு பாழடைந்த பங்களாவின் பெயராலும்தான். கொழுந்து பறித்தோரின் நினைவும் வழக்காறும் கேட்பாரற்றுக் கிடக்க, பேய்க்கதை மட்டும் பயணிகளை ஈர்க்கிறது. மக்கள் விலகிய இடத்தில் கட்டடமும் கதையும் மட்டும் எஞ்சினால் நேர்வது இதுவே. பரவூரில் அது அழகாகவும் போனக்காட்டில் அவலமாகவும் தோன்றுகிறது, இழப்பு ஒன்றே.

பல்கலைக்கழகங்களின் வரலாறு, மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இதற்குப் பெருநிதி தேடி அலைய வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு மாலை, பொதுமக்கள் பதினைந்து பேர், படிக்க ஒரு பனுவல், அதை அறிந்த ஒருவர் போதும். பரவூரில் ஒரு பெண்ணின் பாட்டுக் கையேட்டிலிருந்தும், போனக்காட்டில் ஒரு மூதாட்டியின் வாய்மொழியிலிருந்தும் தொடங்கலாம். போனக்காட்டைப் பொறுத்தவரை காலம் குறைவு. அங்கு ஆசிரியராக வேண்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனர்.